பனி இழுத்துப் பார்த்த புல்

வாமோ வானிலையோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வதில்லை. ஊரில் மற்றவர்கள் வானத்தைப் பார்த்துக் கெஞ்சுவார்கள், திட்டுவார்கள், தூபம் போடுவார்கள். வாமோ, வானம் எதைச் செய்கிறதோ அதற்கு எதிர்வேலை ஒன்றை உடனே ஆரம்பித்துவிடுவாள். பனி பெய்தால் கூட்டுவாள். காற்றடித்தால் கல் வைப்பாள். மழை வந்தால் மண்வெட்டியோடு போய் வாய்க்கால் இழுப்பாள். வெயில் அடித்தால் சந்தேகப்படுவாள்.

ச்சிங்ஹாய் மேட்டுநிலத்தில், பறவைகூட மூச்சு வாங்கிப் பறக்கும் உயரத்தில், அவள் குடும்பத்துக்கு ஒரு குளிர்கால மேய்ச்சல் நிலம் இருந்தது. அதற்கு அடியில் நிலக்கரியும் இருந்தது. அது அவள் செய்த குற்றமில்லை. தண்டனை மட்டும் அவளுக்குக் கிடைத்தது. சுரங்கக்காரர்கள் வந்தார்கள், மலையைக் குடைந்தார்கள், கரியை வாரிக்கொண்டு போனார்கள். மலை இருந்த இடத்தில் பள்ளம், பள்ளத்துக்குப் பக்கத்தில் கருங்கல் குவியல். பல வருஷம் கழித்து மேலிடத்துக்கு ஞானம் பிறந்தது. தோண்டியதை மூடு, மூடியதில் புல் வளர் என்று உத்தரவு போட்டார்கள். தோண்டியவர்கள் வேறு, மூட வந்தவர்கள் வேறு. வானம் மட்டும் அதே வானம்.

காணாமல்போன அந்த மலையின் உச்சியில் ஊர்த்தெய்வத்தின் அம்புமேடு இருந்தது. கற்களைக் குவித்து, நடுவில் ஆள் உயரத்தைத் தாண்டிய மர அம்புகளை நட்டு, கம்பளிக் கயிறு சுற்றிய இடம். சுரங்கம் வந்தபோது தெய்வத்துக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. வாமோவின் யாக் மாடுகளாவது கொழுந்தன் துகர்ஜாப்பின் நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தெய்வம் எங்கே ஒண்டிக்கொண்டது என்று ஒருவருக்கும் தெரியாது.

துகர்ஜாப் ஊர்த் தலைவன். கெட்டவனில்லை. நல்லது செய்துவிட்டு அதை மறக்க முடியாத சுபாவம், அவ்வளவுதான். ஒவ்வொரு குளிர்காலமும் வேலியோரம் மோட்டார்பைக்கை நிறுத்திவிட்டு ஆரம்பிப்பான்.

"அண்ணி, உங்க மாடுங்க எங்க புல்லத் தின்னு தின்னு எப்படி ஆயிடுச்சு பாத்தீங்களா? என்னைப் பாத்தா அப்பான்னு கூப்புடாத குறைதான்."

"கூப்புட்டா என்னன்னு கேளு தம்பி. ஜாடை இருக்குல்ல?"

இப்படிப் பதில் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து அடுப்பில் சாணவறட்டியை ஒடித்துப் போடுகிற வேகத்தில், சிரிப்பு எவ்வளவு உண்மை என்று கணவன் கபூமுக்குத் தெரிந்துவிடும்.

அதனால்தான் மூடிய சுரங்கத்தின் மேல் எழுப்பிய செயற்கைக் குன்றைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து, கீற்றுக்கு ஒரு குடும்பம் புல் வளர்க்க வேண்டும் என்று அறிவித்தபோது, மற்றவர்கள் தேநீர் குடித்துக்கொண்டே யோசிக்க, வாமோ முதல் ஆளாய் எழுந்து கை தூக்கினாள். நிபந்தனை எளிது. அடுத்த ஆகஸ்ட்டில் சோதனைக்கு வருவார்கள். புல் வேர் பிடித்துத் தரையை மூடியிருந்தால் குளிர்காலத்தில் வேலி திறக்கும், நிலம் பழையபடி குடும்பங்களுக்கு. இல்லையென்றால் மறுபடி விதை, மறுபடி வேலி, இன்னும் பல குளிர்காலம் கொழுந்தனின் புல்.

அந்தக் குன்றில் மண் என்று ஒன்று கிடையாது. இருந்த மண்ணை யாரோ எந்தக் குவியலுக்கு அடியிலோ புதைத்துவிட்டார்கள். கரித்தூளும் உடைந்த கல்லும்தான். அதில் ஆட்டுச் சாணத்தைக் கலந்து, மலைப்புல் விதையைத் தூவி, மேலே மெல்லிய வெள்ளைத் துணி போர்த்தினார்கள். தூரத்திலிருந்து பார்க்க, மலைக்குக் குளிர்காய்ச்சல் என்று போர்வை போட்டதுபோல இருந்தது. முதல் வாரமே காற்று ஒரு பெரிய துணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனது. அங்கே ஒரு கிழவர் அதை வானம் அனுப்பிய கொடி என்று கூடாரத்தின் மேல் கட்டிக்கொண்டார். கேட்கப் போனவர்களுக்குத் தேநீர் கொடுத்தார். துணி கொடுக்கவில்லை. வாமோ மீதித் துணியின் ஓரமெல்லாம் கல் அடுக்கினாள்.

வேலையை மேற்பார்க்க வந்தவர் இன்ஜினியர் சியாவ். சமவெளிக்காரர். முதல் வருஷம் தலைவலியோடு இருந்தார், இரண்டாம் வருஷம் தலைவலிக்கு அவர் பழகிவிட்டார். புல்லைப் பற்றி உண்மையிலேயே நிறையத் தெரிந்தவர். வானத்தைப் பற்றி மட்டும் கைபேசி சொல்வதை நம்புவார். முதல் விதைப்புக்குப் பின் வந்த ஜூலையில் ஒரு மத்தியானம், விரல் உயரப் பயிர் பச்சைப் பசேலென்று நின்ற சரிவில் வாமோவும் அவரும் நின்றிருந்தார்கள். தலையில் டங்கென்று விழ ஆரம்பித்தது.

"இன்னைக்கு மழைக்கு வாய்ப்பே இல்லன்னு போட்டிருக்கே, அக்கா!"

"அப்ப மண்டையில விழுறது என்ன சார்?"

இன்ஜினியர் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இது மழை இல்லையே. ஆலங்கட்டி."

அறிக்கை பொய்யாகவில்லை. பயிர்தான் பொய்யானது. தேநீர் ஆறுகிற நேரத்தில் சரிவு முழுக்கக் கூழாகிக் கிடந்தது.

வாமோ அந்த வாரமே மறுபடி விதைத்தாள். விதைத்துவிட்டு, கை கழுவாமல், ஆண்கள் கூடியிருந்த துகர்ஜாப் வீட்டுக்குப் போனாள்.

"ஏன் தம்பி, வீடில்லாம அலையவிட்டா யாருக்குத்தான் கோவம் வராது? தெய்வத்த நடுத்தெருவுல நிறுத்திட்டு எல்லாரும் உக்காந்து தாயம் உருட்டுறீங்க. அது ஆலங்கட்டி போடாம பூவா போடும்?"

"அண்ணி, மலையே இல்ல. அம்ப எங்க நடுறது, உங்க தலையிலயா?"

"நடு. உன் தலையவிட என் தலை உறுதி. ஆம்பளைங்க பண்ற காரியம் இது ஒண்ணே ஒண்ணு. அதுக்கும் துப்பில்லன்னா பாவாடைய குடுத்துட்டுப் போறேன், கட்டிக்கோங்க."

அந்தக் குளிர்காலம் முழுக்க ஆண்கள் தூரத்துக் காட்டிலிருந்து அம்புக்கு மரம் கொண்டுவந்தார்கள், சீவினார்கள், வண்ணம் பூசினார்கள். கம்பளிக் கயிறு முழுவதையும் வாமோவே திரித்துக் கொடுத்தாள், வெள்ளைக் கிடாயின் கம்பளியில், முடிச்சு இல்லாமல். ஊரே மெச்சியது.

குளிர்காலம் போனதும் வேறொரு எதிரி வந்தான். இவன் மேலிருந்து வரவில்லை, கீழிருந்து வந்தான். இன்ஜினியர் ஒரு காலையில் சரிவில் மண்டியிட்டு வாமோவையும் பக்கத்துக் கீற்றுக்காரி ருக்மோவையும் கூப்பிட்டார். மண்ணின் மேல்தோலை நகத்தால் நீக்கிக் காட்டினார். அடியில் ஊசி ஊசியாய் ஐஸ், கண்ணாடிச் சீப்பு போல நெருக்கமாய் நின்றது. ராத்திரியில் ஈரம் உறைந்து ஊசியாக வளர்கிறது, மண்ணையும் பயிரையும் சேர்த்து மேலே தூக்குகிறது. பகலில் ஊசி உருகுகிறது, மண் இறங்கிவிடுகிறது, பயிர் மட்டும் வேர் தெரிய மேலேயே நிற்கிறது. பிறகு காற்று வந்து மீதி வேலையை முடிக்கிறது.

"பல்ல புடுங்குற மாதிரி," என்றாள் ருக்மோ, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"அதேதான். மேல்மண் இளகினதும் திரும்ப அழுத்திவிடணும். தினமும். உறைபனி நிக்கிற வரைக்கும்."

அழுத்துவதற்காக உருளை இயந்திரம் ஒன்று வந்தது. சரிவில் பாதி ஏறியது. அங்கே நின்று யோசித்தது. பிறகு பக்கவாட்டில், கனவான் ஒருவர் கூட்டத்திலிருந்து நழுவுவதுபோல மெல்ல நழுவி, ஓட்டுநர் குதித்த பிறகு மரியாதையை விட்டுவிட்டு உருண்டது. இன்றும் அடிவாரத்தில் கிடக்கிறது. ருக்மோவின் ஆடுகள் அதன் நிழலில் படுக்கின்றன.

இயந்திரம் தோற்ற இடத்தில் பெண்கள் இறங்கினார்கள். ஒன்பது மணி வாக்கில், மேல்மண் இளகியதும், கம்பளிச் செருப்புப் போட்டுக்கொண்டு தோளோடு தோள் வரிசையாய் நின்று, அடி மேல் அடி வைத்துச் சரிவை மிதித்தார்கள். பார்க்கக் கூத்து மாதிரி இருக்கும். இடுப்பு ஒடியும். வாய் மட்டும் ஓயாது, யார் மாமியார் எப்படி என்பதெல்லாம் அந்தச் சரிவில்தான் தீர்மானமானது. தூக்கிய பயிர் மறுபடி மண்ணுக்குள் உட்கார்ந்தது. பச்சை நின்றது.

அந்த நேரம் பார்த்து, அம்பு நட ஏற்றதென்று ஊர்ப் பஞ்சாங்கம் சொல்லும் நான்காம் மாதத்து நல்ல நாள் வந்தது. ஆண்கள் புத்தாடை உடுத்தி, குதிரையிலும் மோட்டார்பைக்கிலும் ஊர்வலமாய்ப் போய், பக்கத்தில் உயரமான இடம் வேறு இல்லாததால், புதுக் குன்றின் உச்சியில் அம்புமேடு எழுப்பினார்கள். தூபம் புகைந்தது, குதிரை உருவம் அச்சிட்ட வேண்டுதல் காகிதங்கள் காற்றில் பறந்தன. பெண்கள் அடிவாரத்தில் நின்று கும்பிட்டார்கள். வாமோவின் கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

அடுத்த நாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு சரிவின் அடியில் வந்து நின்றபோதுதான் ருக்மோ மெல்லச் சொன்னாள்:

"அக்கா... இது இப்ப அம்புமேடு இருக்குற மலை."

வாமோ தூக்கிய காலைக் கீழே வைத்தாள்.

அம்புமேடு இருக்கிற மலையில் பெண்கள் ஏறக்கூடாது. அது வாமோவுக்குத் தெரியும், துகர்ஜாப்புக்குத் தெரியும், ஊரில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து, குளிர்காலம் முழுக்க உழைத்து, கயிறு திரித்து, வண்ணம் பூசி, இந்தக் காரியத்தைச் செய்து முடித்திருந்தார்கள்.

இன்ஜினியர் சியாவுக்கு விஷயத்தை விளக்கியபோது அவர் முதலில் சிரித்தார். பிறகு, சிரிக்கிற விஷயமில்லை என்று புரிந்து, தலைவலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டார். "அக்கா, இன்னும் கொஞ்ச நாள் மிதிக்காம விட்டா பாதிப் பயிர் போயிடும். ஆகஸ்ட்ல காட்ட ஒண்ணும் இருக்காது."

"தெரியும் சார்."

"யாரும் பாக்காத நேரத்துல போயிட்டு வந்துட்டா...?"

"யாரு பாக்காத நேரம்? தெய்வமா?"

வாமோ தெய்வத்தை நம்புகிறவள். தானே சண்டை போட்டுக் கொண்டுவந்து குடிவைத்த தெய்வத்தை, ஆளில்லாத நேரத்தில் ஏமாற்றும் எண்ணம் அவளுக்கில்லை. ஏறலாமா என்பது யோசனையே அல்ல. ஏறாமல் எப்படி மிதிப்பது என்பதுதான் யோசனை. அன்று மத்தியானமே கொழுந்தன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"தம்பி, தெய்வத்துக்கு இன்னைக்குத் தூபம் போட்டாச்சா?"

"நேத்துதானே அண்ணி போட்டோம்! அவ்ளோ பெரிய புகை!"

"நேத்து சாப்பிட்டேன்னு இன்னைக்கு நீ பட்டினியா கெடக்குற? புதுசா குடிவந்தவரு. வந்த மறுநாளே ஒருத்தரும் எட்டிப் பாக்கலன்னா என்ன நெனைப்பாரு? ஜூலைல அதுக்கும் சேத்துக் கல்லால அடிப்பாரு."

துகர்ஜாப் யோசித்தான். ஊர்த் தலைவன் என்பவன் மறுக்க முடியாத விஷயங்கள் சில உண்டு. "சரி. வீட்டுக்கு ஒரு நாள்னு முறை வச்சுக்கலாம்."

"வீட்டுக்கு ஒரு நாளா? அப்ப மத்த வீட்டுக்காரன் அன்னைக்குத் தெய்வத்துக்கு வேண்டாதவனா? ஆலங்கட்டி முறை பாத்தா விழுது?"

இப்படியாக, வீட்டுக்கு ஒரு ஆண், தினமும் காலையில், தெய்வம் நிலைகொள்ளும் வரை தூபம் போட ஏறுவது என்று முடிவாயிற்று.

முதல் நாள் மோட்டார்பைக்கில் ஏறினார்கள். டயர் சரிவில் கோடு கிழித்ததைப் பார்த்து வாமோவுக்கு வயிறு எரிந்தது. "தெய்வத்துக்கு முன்னாடி பீப்பீன்னு வண்டியிலயா போவீங்க?" என்றாள். மறுநாள் நடந்து ஏறினார்கள், ஆனால் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராய் ஒரே தடத்தில். அந்தத் தடம் இறுகிப் பள்ளமாகி, மத்தியான ஈரப்பனி உருகியதும் அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி, விதையை அள்ளிக்கொண்டு அடிவாரத்தில் வந்து கொட்டியது. ஆண்கள் எதையும் சேர்ந்தே செய்து கெடுப்பார்கள் என்று ருக்மோ சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை ஆண்கள் வந்தபோது, அடிவாரத்தில் ஒவ்வொரு கீற்றுக்கும் எதிரே ஒரு மூட்டை ஆட்டுச் சாணம் இருந்தது. மூட்டைக்குப் பக்கத்தில் அந்தந்த வீட்டுப் பெண்.

"இது என்ன?" என்றான் துகர்ஜாப்.

"வெறுங்கையோட யாராவது தெய்வத்த பாக்கப் போவாங்களா?"

"சாணியவா கொண்டு போவாங்க?"

"அவரு குடியிருக்குற மலைக்குச் சோறு. அவங்கவங்க கீத்து வழியா ஏறணும், போற வழியெல்லாம் தூவணும், காலை நெருக்கி நெருக்கி வைக்கணும். தெய்வத்துக்கு முன்னாடி யாரும் அகலக்கால் வச்சு நடக்குறதில்ல."

வாமோ சொன்னதில் எது சாஸ்திரம், எது சாணம் என்று பிரிப்பது கடினம். பிரிக்கிற தைரியம் யாருக்கும் இல்லை. துகர்ஜாப்புக்கு அந்தக் குன்றில் கீற்றே கிடையாது, அவன் நிலம் பத்திரமாக வேறு இடத்தில் இருந்தது. அதைச் சொல்லிப் பார்த்தான்.

"தலைவர் நீ. நடுக்கீத்து உனக்கு," என்றாள் வாமோ.

மேலேறிய ஆண்கள் கொஞ்ச தூரம் போனதும் பழைய புத்தி தலைதூக்கியது. இருவர் பேசிக்கொண்டே ஒரே தடத்துக்கு வந்தார்கள். ஒருவன் உட்கார்ந்துவிட்டான். கீழிருந்து பெண்கள் கத்தியது காற்றில் மேலே போகவில்லை. அப்போதுதான் இன்ஜினியர் சியாவ், தன் வாழ்நாளின் பெரிய வீரச்செயலைச் செய்தார். சுரங்கக் காலத்தில் வெடி வைக்குமுன் 'விலகு, விலகு' என்று அலறப் பயன்பட்ட கை ஒலிபெருக்கியை வாமோவின் கையில் கொடுத்துவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன்பிறகு நடந்ததை அந்தப் பள்ளத்தாக்கு இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

"கபூம்! ஏங்க! இடது பக்கம்! அங்க மிதிக்கவே இல்ல, பச்சையெல்லாம் கால தூக்கிட்டு நிக்குது!"

"துகர்ஜாப் தம்பி! நடந்து போறியா, மெதந்து போறியா? எடைய எறக்கி வை! அவ்ளோ இறைச்சி தின்னது எதுக்கு?"

ருக்மோ ஒலிபெருக்கியைப் பிடுங்கி, தன் கணவனிடம் அதுவரை வீட்டுக்குள் மட்டுமே சொல்லிவந்த சில விஷயங்களை ஊரறியச் சொன்னாள். ஒவ்வொரு காலையும் இதே கூத்து. ஈரப்பனி முகத்தில் அறைந்தது. காற்று சாணத்தூளைத் தூவியவன் வாயிலேயே திருப்பிக் கொடுத்தது. நகரத்துத் தோல் பூட்ஸில் ஏறியவர்கள் வழுக்கி, மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அதுவும் மிதித்த கணக்குதான் என்று வாமோ ஏற்றுக்கொண்டாள். பெண்கள் அடிவாரத்தில் வெயில் காய்ந்தபடி, வெண்ணெய்த் தேநீரில் வறுத்த மாவைப் பிசைந்து தின்றபடி, மேற்பார்வை செய்தார்கள்.

மாதம் முடியுமுன் ஆண்கள் மடத்துத் துறவி அக்கு ஜின்பாவைத் தேடிப் போனார்கள். என்ன நடந்தது என்று கபூம்தான் வீட்டுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல், சொன்னான்.

துகர்ஜாப் வெகு பணிவாகக் கேட்டானாம்: "அக்கு, தெய்வத்துக்கு அந்த இடம் ஒத்துக்குதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அக்கு ஜின்பா ஜெபமாலையைக் கையில் எடுத்தார். எண்ணவில்லை. வரிசையாய் உட்கார்ந்திருந்தவர்களின் முட்டியைப் பார்த்தாராம், அதில் அப்பியிருந்ததைப் பார்த்தாராம். "தெய்வத்துக்கு எந்த இடமும் ஒத்துக்கும். உங்கள்ல யாருக்கு ஒத்துக்கல?"

"அப்படியில்ல அக்கு... அங்க சாணி நாத்தம் ஜாஸ்தியா இருக்கு."

"கொண்டு போனது யாரு?"

"நாங்கதான்."

"ம்." மாலையின் மணிகளை ஒருமுறை உருட்டினார். "அந்தப் பக்கம் கழுகுப் பாறை இருக்கே. பழைய பாறை. யாரும் தோண்டினதும் இல்ல, மூடினதும் இல்ல. தூரம்தான், ஆனா காத்து நல்லா வரும். அவருக்குப் புடிக்கும்னு தோணுது."

ஆண்கள் அவ்வளவு பக்தியோடு எந்தத் தீர்ப்பையும் கேட்டதில்லையாம்.

கபூம் சொல்லிமுடித்துவிட்டு மனைவியை ஏறிட்டுப் பார்த்தான். "இவங்க தாங்கமாட்டாங்கன்னு உனக்கு முதல்லயே தெரியுமா?"

"எனக்குப் புல்லு வேணும். தாங்கறதும் தாங்காததும் அவங்க கவலை," என்றாள் வாமோ. பிறகு, கொஞ்சம் இரக்கப்பட்டு, அவன் பூட்ஸைத் தானே இழுத்துக் கழற்றினாள்.

தெய்வம் மரியாதையோடு, தூபத்தோடு, அதே கம்பளிக் கயிற்றோடு கழுகுப் பாறைக்குக் குடிபோனது. மறுநாளே பெண்கள் சரிவில் ஏறினார்கள். ஆண்கள் மிதித்த இடமெல்லாம் பயிர் நின்றது. மிதிக்காமல் ஏமாற்றிய இடமெல்லாம் வேர் வெளியே தொங்கி, காய்ந்து, தொட்டால் உதிர்ந்தது. யார் எங்கே உட்கார்ந்தான், யார் எங்கே பேசிக்கொண்டு நின்றான் என்பதை மலை அப்படியே எழுதிவைத்திருந்தது. ருக்மோ தன் கணவனின் கீற்றில் ஒரு வழுக்கையைக் கண்டுபிடித்து, அதே இடத்தில் அவனைக் கூட்டிவந்து நிறுத்தினாள்.

உறைபனி நிற்கும்வரை மிதித்தார்கள். வழுக்கை விழுந்த இடங்களில் ஜூனில் மறுபடி தூவினார்கள். ஜூலையில் ஆலங்கட்டியும் தவறாமல் வந்தது. இந்த முறை புல் அடி வாங்கிப் படுத்தது, ஆனால் வேர் பிடித்திருந்ததால் சில நாளில் தலையைத் தூக்கியது. பட்டாணி அளவில்தான் விழுந்தது என்றும், கழுகுப் பாறைக்கு மாற்றாமல் இருந்திருந்தால் முட்டை அளவில் விழுந்திருக்கும் என்றும் துகர்ஜாப் விளக்கினான். முட்டை அளவு விழாததற்குச் சாட்சி கேட்க முடியாது என்பதால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆகஸ்ட்டில் சோதனை அதிகாரி வந்தார். கூடவே பனியும் வந்தது. ஆகஸ்ட்டில் பனி அந்த உயரத்தில் யாரையும் ஆச்சரியப்படுத்தாது, ஆனால் சரியாக அன்றைக்கே வரவேண்டும் என்று யாரும் அழைக்கவில்லை. விடிந்தபோது குன்று முழுக்க வெள்ளை. அதிகாரி காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை விரற்கடை இறக்கி, வெளியே பார்த்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இப்படி இருந்தா எதைப் பாக்குறது? பார்வையிட இயலவில்லைன்னு போட்டுடறேன். அடுத்த வருஷம் வரலாம்."

அடுத்த வருஷம் என்றால் இன்னொரு குளிர்காலம். இன்னொரு குளிர்காலம் என்றால் கொழுந்தனின் வேலியோரம், அப்பா என்று கூப்பிடாத குறையாக நிற்கும் மாடுகள்.

வாமோ காருக்கு முன்னால் போய் நின்றாள். திட்டவில்லை, கெஞ்சவில்லை. நின்றாள், அவ்வளவுதான். ஓட்டுநர் ஹாரன் அடித்தான். அவள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சரிவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"ருக்மோ! கூட்டலாம் வா!"

பெண்கள் ஏறினார்கள். துடைப்பம் போட்டால் புல் கிழியும் என்று, ஆட்டுத்தோல் அங்கியின் நீளக் கையை விரல்களுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, குழந்தையின் முகம் துடைப்பதுபோல, கீற்றுக் கீற்றாகப் பனியை ஒதுக்கினார்கள். பிறகு ஆண்கள் சிலரும் அழைக்காமலே வந்து சேர்ந்துகொண்டார்கள். தாங்கள் சாணம் சுமந்த இடம் தெரியவேண்டும் என்ற ஆசை அவர்களுக்கும் இருக்காதா? வெள்ளைக்கு நடுவே மங்கிய பச்சையும் பழுப்புமாய்ப் பட்டை பட்டையாகத் தரை தெரிய ஆரம்பித்தது.

அதிகாரி இன்ஜினியரைப் பார்த்தார். "இது முறையா?"

இன்ஜினியர் சியாவ் தொண்டையைச் செருமினார். "பனிய ஒதுக்கிட்டுப் பாக்கக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்ல சார். நான் ரெண்டு தடவ படிச்சேன்." அவருடைய இரண்டாவது வீரச்செயல். முதலாவதைவிடச் சிரமமானது, இதைச் செய்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது.

அதிகாரி இறங்கினார். மூச்சு வாங்க வாங்க வாமோவின் கீற்றுக்கு ஏறினார். கம்பிச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் எவ்வளவு மூடியிருக்கிறது என்று குனிந்து பார்த்தார். இன்னும் மேலே போய் வைத்தார். மற்ற கீற்றுகளிலும் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு கொத்துப் புல்லை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தார். வரவில்லை.

"கூச்சப்படாதீங்க சார், நல்லாவே இழுங்க," என்றாள் வாமோ. "பனி இழுத்துப் பாத்தே வரல."

அதிகாரி கையுறையைக் கழற்றிவிட்டு முழுக்கையால் பிடித்து இழுத்தார். கொத்து நின்றது, அவர் உட்கார்ந்துவிட்டார். எழுந்து, பின்னால் ஒட்டிய ஈரச் சாணத்தைத் தட்டிக்கொண்டே, "வேலியைத் திறக்கலாம்," என்றார்.

ஊர்ப் பஞ்சாங்கத்தின் பத்தாம் மாதம், ஏரி உறையத் தொடங்கிய வாரத்தில், வேலி திறந்தது. வாமோ கொழுந்தனின் நிலத்திலிருந்து மாடுகளை ஓட்டிவந்தாள். முன்னால் வந்த கிழ யாக் பசு வாசலில் நின்று, புது நிலத்தை மோந்து பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் துகர்ஜாப்பின் பக்கம் திரும்பியது. துகர்ஜாப்பின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா அண்ணி! நன்றி மறக்கல!"

"வயசாயிடுச்சு தம்பி, கண்ணு தெரியல," என்று சொல்லி, வாமோ அதன் கொம்பைப் பிடித்துத் திருப்பி உள்ளே தள்ளினாள். பசு ஒரு வாய் கடித்தது. மென்றது. தலையை நிமிர்த்தவில்லை. பின்னாலேயே மற்ற மாடுகளும் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போயின, குளம்புகள் உறைந்த தரையில் கடகடத்தன.

துகர்ஜாப் மோட்டார்பைக்கில் சாய்ந்து நின்று குன்றின் உச்சியைப் பார்த்தான். அவன் பார்வையில் யோசனை இருந்தது.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இப்பதான் புல் பிடிச்சாச்சே, உங்களுக்கும் மேல வேலையில்ல. கழுகுப் பாறை ரொம்பத் தூரம், ஏறவும் கஷ்டம். தெய்வத்த மறுபடி இங்கேயே கொண்டுவந்துட்டா என்ன?"

"தாராளமா கொண்டு வா தம்பி," என்றாள் வாமோ. "பட்டியில சாணி நெறைய சேந்திருக்கு. இன்னைக்கே மூட்டை கட்டி வச்சிடறேன்."

துகர்ஜாப் பைக்கை உதைத்துக் கிளப்பினான். மேற்கே மேகம் திரண்டு வந்தது. வாமோ அதைப் பார்த்துவிட்டு, வேலி வாசலில் காற்றுக்கு ஆடிய கதவுக்கு அண்டை கொடுக்க ஒரு நல்ல கல்லாகத் தேட ஆரம்பித்தாள்.